உறைந்த கடலுக்கு ஓர் அணியம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மார்க்கம் என்ற கனேடிய நகரில் கப்பல் வரைபடம் தயாரிக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். கரையோரக் காவல்படைக்காக, உறைந்த கடலிலும் ரோந்து போகக்கூடிய புதிய கப்பல்களின் வேலை எங்களிடம் வந்திருந்தது. அணியம், அதாவது கப்பலின் மூக்குப் பகுதி, என் பொறுப்பு. அது பனிக்கட்டியை முட்டி உடைக்கக்கூடாது; மேலே சறுக்கி ஏறித் தன் பாரத்தாலேயே நொறுக்க வேண்டும். அந்தச் சரிவுக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் வரைபடத்தைக் கீறிக் கீறி அழித்தேன். சாப்பிடும்போதுகூடக் கரண்டியைத் தட்டில் சாய்த்துப் பார்க்கிறேன் என்று கணவர் சிரிப்பார்.

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் எனக்கு மூத்த பொறியியலாளர், யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்தார். தினமும் அவருடைய காரில்தான் போய்வந்தேன். ஒரு நாள் பனி கொட்டி நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நின்றபோது, கணவரைத் தவிர யாருக்கும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். என் தம்பி ஊரில் போராளியாக இயக்கத்துக்குப் போய்ச் செத்தவன். அவர் காரின் சூட்டைக் கூட்டிவிட்டார். அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

பனி உருகத் தொடங்கியபோது மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அரசாங்கக் கப்பல் என்பதால் வேலை செய்பவர்களின் பின்னணியைப் பார்ப்பார்களாம். என் குடும்பத்தைப் பற்றி ஒரு விஷயம் அவர் காதுக்கு வந்ததாம். ஏரிப் படகுகளின் சமையலறைகளைக் கீறும்படி என்னை மாற்றினார். அணியம் அண்ணையிடம் போனது.

தம்பியின் கதை தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் ஒருவர்தான். மாலையில் காரடியில் வைத்துக் கேட்டேன்.

“அண்ணை, மேலாளர் என்னைப் பற்றி உங்களிட்டைக் கேட்டவரோ?”

“இல்லை, நானாத்தான் சொன்னனான். பிறகு தெரியவந்தால் உம்மைச் சேர்த்துவிட்ட எனக்கும் பிரச்சினை எல்லே? எனக்கும் பிள்ளையள் இருக்கு.”

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

“உமக்கு வேலை போகேல்லைத்தானே. ஏறும், குளிருது.”

நான் ஏறவில்லை. பஸ் மாறி மாறி வீடு வந்து சேர்ந்தேன். நடந்ததைக் கணவரிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை. சொன்னால் அதுவும் எங்கேயாவது போய்விடும் என்று பயமாக இருந்தது. அந்தப் பயம் எனக்குப் புதிது. அதுதான் என்னை அதிகம் நோகடித்தது.

கோடைக்கு முன் வேலையை விட்டேன். சில வருடங்கள் கழித்து ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில் அவரைக் கண்டேன். பக்கத்தில் நின்றவருக்கு என்னைக் காட்டி, “இவவும் நானும் சேர்ந்துதான் அந்த ஐஸ் கப்பலின்ரை முன்பக்கத்தைக் கீறினனாங்கள்” என்றார். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அவருக்கு அப்படித்தான் ஞாபகம்.

“அதை நான் தனியக் கீறினனான்” என்று சொல்லிவிட்டு, மணமக்களுக்கு அறுகரிசி தூவி வாழ்த்தும் வரிசையில் போய் நின்றேன்.