ஒரு டீ நேரம்

பாகப்பிரிவினை வழக்குக்காகப் பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வராந்தா பெஞ்சில் ஒருவர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். அவரைக் காவல் காத்த போலீஸ்காரரும் நகர வேண்டியதாயிற்று. இடம் கொடுத்தவருக்குத் தேய்த்த சட்டை, நெற்றியில் விபூதி. யார் கடந்து போனாலும் இடித்துவிடாதபடி காலை மடக்கிக்கொண்டார். கூட வேலை செய்தவனைக் குத்திக் கொன்றவராம்.

மண்ணூர்பேட்டை கம்பெனி வாசலில் அவன் இவர் மனைவியைக் கேவலமாகப் பேசியிருக்கிறான். திடீர் ஆத்திரம் என்று வக்கீல் வாதாடினார். ஷேர் ஆட்டோவில் திருவேற்காடு வீட்டுக்குப் போய்க் கத்தியோடு திரும்புவதற்குள் ஆத்திரம் ஆறியிருக்க வேண்டும், இது கொலைதான் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். அன்று தண்டனை அறிவிக்கும் நாள்.

"சார், உங்களுக்குக் கோவம் வந்தா எம்மா நேரத்துல போவும்?" என்று அவர் கேட்டார்.

"ஒரு டீ குடிச்சா போயிடும்" என்றேன்.

உள்ளே, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஜட்ஜ் கேட்டார். வயதான தாய், சின்னப் பிள்ளைகள் என்று எல்லாரும் அழுகிற இடம் அது. இவர் கைகட்டி, "எனுக்கு இன்னும் கோவம் போவலீங்கய்யா" என்றார்.

ஆயுள் தண்டனை. அவர் கருணை கேட்டாரா, வேண்டாம் என்றாரா, இன்னும் விளங்கவில்லை.

வெளியே வந்து டீ வாங்கினேன். அதே கடையில் என் அண்ணன் நின்றிருந்தான், என் வழக்கில் எதிர்த்தரப்பு. இருவரும் குடித்து முடித்தோம். ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.