ஆட்டோக்காரர் தொட்டுக் காட்டிய இடங்கள்

வலியசாலையிலிருந்து ஸ்பானிஷ் வகுப்புக்கு ஆட்டோவில் போகும்போது, உடலுறுப்புகளின் பெயர்களைச் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். நரைத்த புருவங்களோடு இருந்த ஆட்டோக்காரர் சட்டென்று வண்டியை ஓரங்கட்டினார்.

"மக்கா, சிலி நாட்டுல இந்தப் பாஷைதானே?"

அங்கே கப்பலிலிருந்து விழுந்து அவருடைய மகன் காணாமல் போயிருந்தான். கரை ஒதுங்கிய ஓர் உடலை வைத்துக்கொண்டு, மகனின் அங்க அடையாளங்களை அந்த ஊர்ப் போலீஸ் கேட்டிருந்தது.

"கால்ல ஒரு தழும்பு உண்டு. அத எழுதித் தாயேன்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வெறும் கால்னு எழுதினா போதாது, அண்ணாச்சி. பாதம்னா பியே. அதுக்கு மேலன்னா பியெர்னா. எங்க, இங்கயா?" என்று என் கெண்டைக்காலைத் தொட்டேன்.

அவர் என் கையைத் தட்டிவிட்டார். "ஐயோ, ஒன் மேல காட்டாத மக்கா! ஆகாது."

அடுத்தவர் காயத்தை நம் உடம்பில் காட்டினால் அது நமக்கு வந்துவிடும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்.

"இங்க" என்று தன் கெண்டைக்காலைப் பிடித்தார். பிறகு தன் காது மடலைத் தொட்டு, "இங்க ஒரு மச்சம்" என்றார்.

அவருடைய செல்போனிலேயே ஸ்பானிஷில் எழுதி, அந்தப் போலீசுக்கு அனுப்பிவிட்டேன். வகுப்பு வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோதும், அவர் தன் கெண்டைக்காலில் அதே இடத்தை விரல் பதிய அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.