நிமிஷம் கடலுக்குப் போட்ட ஷீட்

நிமிஷம் என்ற பேரைத் தையல்காரி முதன்முதலாகக் கேட்டது, அவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த வருஷத்தில். பெரியப்பா வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "பையன் பஸ் டிப்போவுல டைம் கீப்பர். எல்லாரும் நிமிஷம்னுதான் கூப்பிடுறாங்க. நெஜப் பேரு எனக்கும் தெரியல, கேட்டா டிப்போவுக்கும் தெரியல" என்றார். பக்கத்து அறையில் காதை நீட்டிக்கொண்டு நின்ற அக்கா, தங்கச்சியை விலாவில் ஒரு இடி இடித்து, "நிமிஷத்தைக் கட்டிக்கிட்டு மணிக்கணக்கா அழப்போறடி" என்றாள்.

பெண் பார்க்க நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த மனுஷன் மூணு அம்பத்தெட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் கதவைத் தட்டவில்லை. மூடின கதவைப் பார்த்தபடி ரெண்டு நிமிஷம் வாசலில் நின்றார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துச் சிரித்ததில்தான் தையல்காரிக்கு அவரைப் பிடித்துப்போனது. அந்தச் சிரிப்புக்கு அப்புறம் இருபத்தாறு வருஷம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

டிப்போவில் அவருக்கு ஒரு கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, ஒரு நீள நோட்டு. நோட்டில் ஐந்து கட்டம்: வண்டி நம்பர், புறப்பட வேண்டிய நேரம், புறப்பட்ட நேரம், தாமதம், காரணம். அந்தக் காரணக் கட்டத்தில் இருபத்தேழு வருஷமாக என்னென்னவோ ஏறியிருக்கிறது. டயர், மழை, டிரைவர், டிரைவரின் மாமியார்கூட ஒரு தடவை. நிமிஷம் மட்டும் ஏறினதே இல்லை. ஏறவும் முடியாது, எழுதுகிறவர் அவர்தானே.

வீட்டிலும் அதே கூத்துதான். குளியலறைக் கதவில் ஒரு ஷீட். மகளுக்குப் பன்னிரண்டு நிமிஷம், மனைவிக்குப் பத்து. தையல்காரி அந்த ஷீட்டின் பின்பக்கத்தில் அளவு எழுதித் துணிக்குள் சொருகிக்கொள்வாள்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும், அந்தப் பெட்ரோல் பங்க் இல்லாவிட்டால்.

ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வேனில் போனார்கள். வழியில் பங்கில் நிறுத்தி, "ஏழு பத்துக்கு வண்டி எடுக்கும்" என்று அறிவித்தார் நிமிஷம். ஏழு பத்துக்கு எடுத்தும்விட்டார். அக்கா கழிப்பறையில் இருந்தாள். அக்காவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற ஆள். அவள் பின்சீட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, வழியெல்லாம் பின்பக்கம் திரும்பாமலே அவளோடு பேசிக்கொண்டு வந்தார். பதில் வராதது அவருக்கு நிம்மதியாக இருந்ததாம். பதினோரு கிலோமீட்டர் தாண்டித்தான் விஷயம் தெரிந்தது.

அதையும் அக்கா மன்னித்திருப்பாள். திரும்ப வந்து ஏற்றிக்கொண்டபோது, நிமிஷத்தின் மடியில் கிடந்த பயண ஷீட்டை அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். "தாமதம்: 34 நிமிஷம். காரணம்: அண்ணி" என்று எழுதியிருந்தது.

மூணு வருஷம் அக்கா அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவள் நடத்துகிற பியூட்டி பார்லருக்குப் போன் போட்டாலும் எடுப்பதில்லை. அவள் உடுப்பெல்லாம் வேறு ஒரு தையல்காரனிடம் போனது, அதுவும் தோள் ரெண்டும் தூக்கிக்கொண்டு நிற்கும்படி தைக்கிற ஒருத்தனிடம். அந்தத் தோளைத் தெருவில் தூரத்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் தையல்காரி வீட்டுக்குள் போய் மிஷினை வேகமாக மிதிப்பாள்.

ஒருநாள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "என்னங்க, எனக்குக் கூடப்பிறந்தவ ஒருத்திதான். கெடுத்தது நீங்க. நீங்களே சரிபண்ணுங்க. எங்கக்கா இந்த வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான்."

நிமிஷம் நாலு நாள் யோசித்தார். அஞ்சாம் நாள் ஒரு ஷீட்டோடு வந்தார். கடற்கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்குவது, மணலுக்குள் புதைந்திருக்கும் மட்டிச் சிப்பி தோண்டுவது. சின்ன வயசில் அக்காளும் தங்கச்சியும் அவர்கள் அப்பாவோடு போய் ஈர மணலில் மட்டி தோண்டின கதையை அவர் நூறு தடவை கேட்டிருக்கிறார். கேட்டதற்கு அன்றுதான் ஒரு பலன்.

மீன்பிடித் துறைமுகத்துப் பலகையைப் பார்த்துச் சனிக்கிழமை கடல் வற்றும் நேரத்தைக் குறித்துவந்தார். ஷீட்டில் அதையும் பஸ் மாதிரியே எழுதினார்: "கடல் புறப்பாடு 6.40." வாளி மூணு, களைக்கொத்து நாலு, மட்டியைத் தண்ணீரில் போட்டு மண் கக்கவைக்க உப்பு ஒரு கிலோ, கூடாரம் ரெண்டு. சகலைக்குப் போன் போட்டார்.

சகலை அரைமணி கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். "வர்றாளாம் சகலை. ஆனா இந்தச் சனிக்கிழமை முடியாதாம். அடுத்த சனிக்கிழமைதானாம்."

"அடுத்த வாரம் என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. அவரு போட்ட நேரத்த எனக்காக மாத்துறாரான்னு பாக்கணும்னு சொன்னா. இத உங்ககிட்ட சொல்லவேணாம்னும் சொன்னா."

நிமிஷம் ரப்பரை எடுத்துத் தேதியை அழித்தார். ஏதோ தன் பல்லைத் தானே பிடுங்குகிற முகம். புதுத் தேதியை எழுதினார். தையல்காரி அன்றைக்குத் தைத்த ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்தாள், சந்தோஷத்தில்.

அந்தச் சனிக்கிழமை விடியலில் வேன் கிளம்பியது. அக்கா ஏறினாள், யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அதே பெட்ரோல் பங்க் வந்தது. ஷீட்டில், "பங்க்: 5.10 முதல் அண்ணி வரும்வரை" என்று இருந்ததை மகள் சத்தமாகப் படித்தாள். அக்கா இறங்கிப்போய் இருபத்திரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். கை கழுவவே எட்டு நிமிஷம். நிமிஷம் வேனுக்கு வெளியே கைக்கடிகாரத்தை மற்ற கையால் மூடிக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்த அக்கா முதல் வார்த்தை பேசினாள். "பரவால்லையே. மாப்பிள்ளைக்குப் பொறுமைகூட வருது."

தையல்காரி மூச்சு விட்டாள்.

கடற்கரையில் இறங்கினார்கள். கையில் களைக்கொத்து, வாளி. மேட்டில் ஏறிப் பார்த்தால், தோண்டுவதற்கு மணலே இல்லை. கடல் புல்லடி வரைக்கும் நிறைந்து நின்றது. சகலை வாளியோடு நாலடி போய், செருப்பை அலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு" என்றார் நிமிஷம். ஆறு நிமிஷமும் போனது. கடல் கேட்கவில்லை.

நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துவந்த ஒருத்தர் களைக்கொத்துகளைப் பார்த்து நின்றார். "மட்டிக்கா? பன்னெண்டரைக்கு மேலதான் வத்தும்."

"ஆறு நாப்பதுன்னு பலகையிலேயே போட்டிருந்துச்சே" என்றார் நிமிஷம்.

"போன சனிக்கிழமைக்குப் போட்டதையா பாத்தீங்க? தெனமும் முக்கால் மணிக்குமேல தள்ளிப்போகும்ங்க. ஒரு வாரத்துல தலைகீழாயிரும்."

"சனிக்கிழமைக்கு எல்லா வாரமும் ஒரே ஷீட்டுதானே?"

"அப்பா, கடல் என்ன உங்க டிப்போ வண்டியா?" என்றாள் மகள். நாய்க்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார்.

தையல்காரிக்கு விஷயம் புரிந்தது. நாள் மாறியதால் வந்த வினை. நாளை மாற்றச் சொன்னவள் அக்கா. இந்த மனுஷன் இப்போது அதை வாய்விட்டுச் சொன்னால், மூணு வருஷம் முப்பது வருஷமாகும். அக்காவுக்கும் அது தெரியும். களைக்கொத்தை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "என்ன மாப்பிள்ள, எழுதுங்களேன். காரணம் யாரு?" என்றாள்.

நிமிஷம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஷீட்டை முழங்காலில் வைத்தார். எழுதினார். தையல்காரி எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கடலைப் பார்த்தாள்.

அக்கா ஷீட்டைப் பிடுங்கினாள். "தாமதம்: 6 மணி நேரம். காரணம்: டைம் கீப்பர்."

ரெண்டு தடவை படித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், மேட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள், சகலையின் முதுகில் அடித்துச் சிரித்தாள். சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏண்டி, ஆறு மணி நேரம் சும்மாவா இருக்கப்போறோம்? இந்தத் தோளைப் பாரு, ரெண்டும் காதைத் தொடுது. ஊசி நூல் வச்சிருக்கியா?" என்றாள்.

தையல்காரி வைத்திருந்தாள். கூடாரத்துக்குள் அக்காளை உட்காரவைத்து, போட்டிருந்த உடுப்போடேயே தோளைப் பிரித்துத் தைத்தாள். வெளியே நிமிஷம் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டே முக்காலுக்குக் கடல் இறங்கியது. ஒரு வாளி நிறையவில்லை. முக்கால் வாளி மட்டி, அதில் பாதி சகலை மிதித்து உடைத்தது. மறுநாள் ஊர் திரும்பியபோது அக்கா நேரே தங்கச்சி வீட்டில்தான் இறங்கினாள். குளியலறையில் ஐம்பது நிமிஷம் இருந்தாள். ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை.

நிமிஷம் இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வாரத்தில் மூன்று நாள் அக்காவின் பியூட்டி பார்லரில் வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறார்.