கார்த்திகைக் கடைசி நாளும் ஒரு காதல் கதையும்

செயின்ட் மேரீஸ் சாலை முனையைத் தாண்டும்போதுதான் சட்டைப் பையில் அந்த நூலக அட்டை இருப்பது நினைவுக்கு வந்தது. அது என்னுடையது அல்ல. அபிராமபுரத்தில் அன்று காலை வரை நான் வாட்ச்மேனாக இருந்த குடியிருப்பின் இரண்டாவது மாடி மாமியுடையது. திரும்பிப் போய்க் கொடுத்திருக்கலாம். போகவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. நடக்கத் தொடங்கிவிட்டால் திரும்பும் பழக்கம் எனக்கு இல்லை. தோள்பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு டார்ச் லைட், பால் கவரில் சுற்றிய ஒரு காதல் நாவல். நாவலும் மாமியின் அட்டையில் எடுத்ததுதான்.

வேலை போனதற்கு யார்மீதும் எனக்குக் குறை இல்லை. காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட வேண்டும். முக்கால் மணி நேரத்தில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும். அந்தச் சத்தம் கேட்டதும் அணைக்க வேண்டும். நான்கு மாதமாக அதைத் தவறாமல் செய்துவந்தேன். அன்று வெளியே நல்ல மழை. நாவலில் கதாநாயகன் கையில் பெட்டியோடு ரயில் நிலையத்தில் அவளுக்காகக் காத்திருந்தான். தொட்டி வழிந்த சத்தம் என் காதில் மழையாகவே விழுந்தது. அவன் ரயில் புறப்பட்டுப் போனபோது கீழே தரைக்கடித் தொட்டியான சம்ப் வறண்டிருந்தது. மேலே ஏறியிருந்த தண்ணீரும் காலைக் குளியலில் தீர்ந்துபோயிற்று. மழை கொட்டும் நாளில் பதினாறு வீடுகளுக்கும் குளிக்கத் தண்ணீர் இல்லை.

செக்ரட்டரி தலையில் ஷாம்பு நுரையோடு இறங்கி வந்தார்.

"என்னய்யா பண்ணிட்டிருந்த? படிச்சிட்டிருந்தியா? கலெக்டர் பரீட்சைக்கா?"

"இல்ல சார். லவ் ஸ்டோரி."

உண்மையைச் சொன்னது தப்பாகப் போயிற்று. பதினைந்து நிமிடத்தில் நான் தெருவில் இருந்தேன்.

அந்தக் காதல் கதையை ஏன் அன்றைக்கே முடித்தாக வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் வாடகை நூலகம் ஒன்று இருக்கிறது. நடத்துகிற அக்கா சாந்தோம் பக்கத்துக் குடும்பம், முன்பு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர். மழைக்காலத்தில் கூட்டம் குறையும் என்று அவர் ஒரு போட்டி வைப்பார். ஐப்பசி முதல் நாள் தொடங்கிக் கார்த்திகைக் கடைசி நாள் வரை எட்டு வாரம், எட்டு விதக் கதை. ஒரு தாளில் எட்டுக் கட்டம் போட்டுக் கொடுப்பார். படித்து முடித்ததும் வந்து, அந்த நேரத்தில் மேஜையருகே நிற்கிற எவரிடமாவது கதையை வாயால் சொல்ல வேண்டும். கேட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பதில் சரியென்றால் அக்கா முத்திரை குத்துவார். எட்டு முத்திரையும் விழுந்தால், டெபாசிட் இல்லாமல், யார் சிபாரிசும் இல்லாமல், சொந்தப் பெயரில் உறுப்பினர் அட்டை.

எனக்கு வேண்டியது அந்த அட்டை. அதுவரை நான் படித்ததெல்லாம் இன்னொருவர் தயவில்தான். பள்ளிக்கூடம் எனக்கு ஏழாவது அரைப் பரீட்சையோடு நின்றது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எந்த வேலையிலும் ஒரு வருடத்தை நான் நிறைத்ததில்லை. ஆனால் படிப்பேன். வேலையைத் தேர்ந்தெடுப்பதே அங்கே விளக்கு எப்படி, எத்தனை மணி நேரம் சும்மா உட்காரலாம் என்று பார்த்துத்தான். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் லிஃப்ட் இயக்கினேன். மாடிக்கு மாடி அரைப் பக்கம் ஓடும். நகைச்சுவைக் கதை படிக்கப்போக, கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம் தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று சண்டைக்கு வந்துவிட்டது. வாட்ச்மேன் வேலையில் அந்தத் தொல்லை கிடையாது. மாமிக்கோ இப்போதெல்லாம் ஃபோனில்தான் படிப்பு. "என் கார்டு சும்மாத்தான் தூங்கிண்டிருக்கு, நீ எடுத்துண்டு போயேன்" என்று அவராகவே கொடுத்தார்.

ஏழு கட்டத்தையும் சுலபமாக முடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். துப்பறியும் கதையில் பாதியிலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். தோட்டக்காரனை எல்லோரும் சந்தேகிக்கும்போதே அவன் இல்லை என்று தெரியும். தோட்டக்காரனுக்கு அவ்வளவு ஓய்வு ஏது? பேய்க்கதை என்னை ஒன்றும் செய்யவில்லை. சைதாப்பேட்டை ஆற்றுப் பாலத்தின் கீழ் ஒரு கோடை முழுவதும் படுத்தவனைப் பேய் என்ன செய்யும்? விஞ்ஞானக் கதை மட்டும் கொஞ்சம் தண்ணி காட்டியது. செவ்வாய்க் கிரகத்தில் இருநூறு பேரைக் குடிவைத்த ஆசிரியர், அவர்கள் கழிவுநீர் எங்கே போகிறது என்று கடைசிவரை சொல்லவே இல்லை. அதை அக்காவிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

காதல் கதையைத்தான் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். வெட்கம், வேறென்ன. மேலட்டையில் மல்லிகைப் பூ வைத்த பெண். முப்பத்தெட்டு வயது ஆள் வாசலில் உட்கார்ந்து அதை விரிக்க முடியுமா? பழைய காலண்டர் தாளால் அட்டை போட்டேன்.

வேலை போன அன்று நேராக மந்தைவெளிப் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போனேன். இந்த ஊரில் மழைக்குப் படிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கல்யாண மண்டபம்போல் பெரிய கட்டடம். ஆள் நடமாட்டம் கிடையாது. அடுத்த நிலையத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கி, மேலே நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பாதிப் புத்தகம் பாக்கி. மதியம் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

"எங்க போகணும்?"

"திருமயிலை சார்."

"நாலு வண்டி போயிடுச்சு. நானும் பாத்துட்டேதான் இருக்கேன்."

"நூத்தி எண்பதாம் பக்கம் வந்துட்டேன் சார். இன்னும் கொஞ்சம்தான்."

அவர் புத்தகத்தை வாங்கி, காலண்டர் தாளை லேசாக விலக்கி உள்ளே பார்த்தார். என்னையும் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நூலகத்தை அக்கா ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார். நேரத்துக்கு முடிக்க வேண்டும் என்று நடுவில் சில பக்கங்களைத் தள்ளினேன். கதாநாயகியின் தங்கைக்குக் கல்யாணம். ஜவுளி எடுக்கிறார்கள், நகை பார்க்கிறார்கள், சம்பந்தி வீட்டில் என்ன சொன்னார்கள், பந்தியில் என்ன குறைந்தது. கதை எங்கே, கல்யாணப் பேச்சு எங்கே என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருடம் படித்த அனுபவம் எதற்கு? மொத்தமாகப் புரட்டிவிட்டு, ஆறு வருடம் கழித்து அவன் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு நூலகத்துக்குள் நுழைந்தேன். மேஜையருகே நின்றது சந்து முனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுபவர். அவரும் போட்டியில் இருந்தவர்தான். போன வாரமே எட்டையும் முடித்துவிட்டு, வருகிற எல்லோரிடமும் தன் புது அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, மூட்ட முடிச்சோட வந்துக்கினு கீற? லைப்ரரிலயே குடித்தனமா?"

"வேலை போச்சு. கதை கேளு முதல்ல."

அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் சொன்னேன். அவள் தையல்காரி. அவன் வடக்கே வேலை கிடைத்துப் போகிறான். இன்ன ரயிலுக்கு நீயும் வா, சேர்ந்து போய்விடலாம் என்கிறான். அவளுக்குத் துணிவு இல்லை, வரவில்லை. அவன் தனியாகப் போகிறான். ஆறு வருடம் கழித்துத் திரும்பினால் அவள் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். இவன் சட்டைக்கு அளவு கொடுக்கப் போகிறான். இருவரும் அதிகம் பேசுவதில்லை. சட்டை ரெடியானதும் அவன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அவ்வளவுதான். நன்றாகவே சொன்னேன். அளவு எடுக்கும் இடத்தில் டேப்பை அவள் இரண்டு தடவை தவறவிடுவதைக்கூட விடவில்லை.

ஆட்டோக்காரர் கழுத்தைச் சொறிந்தார்.

"எல்லாம் கரெக்ட்டு. ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கி ஸ்டேஷன்ல அவ எங்க நின்னுகினு இருந்தா?"

"அவதான் வரவே இல்லியே."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தார்.

"எத்தன பக்கம் தள்ளின?" என்றார் அக்கா.

சமாளித்திருக்கலாம். வாய் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் எட்டாவது முத்திரையைச் சமாளித்து வாங்குவதென்றால், மாமி அட்டையிலேயே காலம் தள்ளியிருக்கலாமே.

"ஒரு இருபது பக்கம் இருக்கும். வெறும் கல்யாணம்னு நெனச்சேன்."

"வெறும் கல்யாணமா?" ஆட்டோக்காரர் குரல் உயர்ந்தது. "மச்சி, அங்கதான்யா கதையே கீது! அத்தப் படிச்சுட்டு நான் வண்டிய ஓரங்கட்டிட்டு..."

"ஓரங்கட்டிட்டு?" என்றார் அக்கா.

"கண்ணுல தூசு."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு மணி வரைக்கும் இன்னிக்கு நாள் இருக்கு. உக்காந்து படி."

அலமாரி ஓரம் தரையில் உட்கார்ந்து படித்தேன். தங்கையின் கல்யாணத்துக்கு நகை குறைகிறது. சம்பந்தி வீட்டார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கதாநாயகன் தனக்குப் போட்ட இரண்டு வளையலையும் இவள் யாரிடமும் சொல்லாமல் கழற்றிக் கொடுத்துவிடுகிறாள். முகூர்த்தம் முடிந்த கையோடு, சமையல்கட்டில் பந்திக்கு அப்பளம் போதவில்லை என்று சண்டை நடக்கிற நேரத்தில், பின்வாசல் வழியாக ரயில் நிலையத்துக்கு ஓடுகிறாள். வெறும் கையோடு அவன் முன்னால் போய் நிற்கக் கூச்சம். பார்சல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று ரயில் போவதைப் பார்க்கிறாள். அவள் வந்திருந்தாள் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அதைப் படிக்காமல் நான் சொன்ன கதையும் அவன் நினைத்துக்கொண்டிருந்த கதையும் ஒன்றுதான். ஒரு கோழையைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிட்டேன், அவள் கோழையே இல்லை.

எழுந்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை கல்யாணம்தான் நீளமாக வந்தது. அப்பளச் சண்டையையும் விடவில்லை. கடைசியில் ஆட்டோக்காரர், "இப்ப கரெக்ட்டு" என்று மட்டும் சொன்னார். முத்திரை விழுந்தது. மணி ஆறே முக்கால்.

மாமியின் அட்டையையும் நாவலையும் அக்காவிடம் கொடுத்து, மாமியிடம் சொல்லிவிடச் சொன்னேன். அவர் அப்போதே ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அவன் அங்கதான் இருக்கானா?" மாமியின் குரல். "கவலப்படாதேன்னு சொல்லுங்கோ. எங்காத்துல நேத்தே எல்லாத்தையும் ரொப்பி வெச்சுண்டுட்டேன். செக்ரட்டரி ஆத்துலதான் ஒரு சொட்டு இல்ல."

ஆட்டோக்காரர் வெகுநேரம் சிரித்தார்.

பிறகு அக்கா உறுப்பினர் படிவத்தை எடுத்தார். பெயர் எழுதினேன். அடுத்த வரியில் பேனா நின்றது. விலாசம். அன்று காலை வரை எனக்கு ஒன்று இருந்தது.

"எங்கூட்டு அட்ரஸ் போட்டுக்க" என்றார் ஆட்டோக்காரர்.

"வேணாம். ரெண்டு மாசமா அடுத்தவங்க கார்டுல படிச்சாச்சு. அடுத்தவங்க வீட்லயும் இருக்கணுமா?"

"விலாசம் இல்லாம கார்டு போட்டா புத்தகத்தத் தேடிட்டு நான் எங்க போறது?" என்றார் அக்கா. கோபமாக இல்லை, நியாயமாக. முன்பு அப்படி ஒரு வரிசைப் புத்தகங்கள் போயிருக்கின்றன. "முத்திரை எட்டும் விழுந்தாச்சு, அத யாரும் எடுத்துக்க முடியாது. ஆனா நாளைலேருந்து மார்கழி. போட்டிக் கணக்க நாளைக்குக் காலைல முடிக்கிறேன். பத்து மணிக்குத் தொறப்பேன். நீயிருக்கிற எடமா ஒண்ண எழுதிட்டு வா."

வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் யோசித்தார். மார்கழி என்றால் கச்சேரி, கச்சேரி என்றால் சபா கேன்டீன். அவர் தினமும் காய்கறி ஏற்றிப் போகிற ஒரு சமையல் கான்ட்ராக்டர், தி.நகர் சபா ஒன்றில் கேன்டீன் எடுத்திருக்கிறார். ஆள் போதாமல் தவிக்கிறார். அன்றிரவு ஆட்டோவின் பின் இருக்கையில் படுத்தேன். கால் நீட்ட முடியாததைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த அந்தச் சமையல்கூடத்தில் நின்றேன். இட்லி அண்டாக்களின் ஆவியில் கான்ட்ராக்டரின் முகம் சரியாகத் தெரியவில்லை.

"என்ன வேலை தெரியும்?"

"லிஃப்ட், வாட்ச்மேன்."

"சமையல்?"

"சாப்பிடத் தெரியும்."

"அதுக்கு இங்க ஆள் நெறைய இருக்கு. வெங்காயம் உரிப்பியா?"

"உரிப்பேன். தங்க எடம் உண்டா?"

"மாடில ரூம். பதினோரு பேரு. நீ பன்னெண்டாவது."

"அதுக்குக் கதவு நம்பர் என்ன?"

கரண்டியை நிறுத்திவிட்டு அவர் நெருங்கி வந்து பார்த்தார். "எதுக்குய்யா? கோர்ட் நோட்டீஸ் ஏதும் வருமா?"

"லைப்ரரி கார்டுக்கு அண்ணே."

"பழைய நம்பரா, புது நம்பரா?"

"ரெண்டும் சொல்லுங்க."

சொன்னார். பீடிக் கட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு அரை மணி நேரம் வெளியே போக வேண்டும் என்றேன். முதல் நாளேவா என்று கேட்டுவிட்டு, மூலையில் சாய்ந்திருந்த வெங்காய மூட்டையைக் காலால் தள்ளிக் காட்டினார். அதை முடித்தால் போகலாம். கத்தி மழுங்கல். வேறு கத்தி கேட்டதற்கு, கத்தியைக் குறை சொல்கிறவன் வேலை செய்யமாட்டான் என்றார். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பதரைக்குக் காலிச் சாக்கை வாசலில் உதறினேன்.