லட்சுமியம்மாவுக்கு எந்த வண்டி?

டூரிஸ்ட் வண்டி பேசிவிடும் தொழிலில் வண்டியைப் பற்றிப் பேசுகிற நேரம் குறைவு. யாரை விட்டுவிட்டுப் போவது என்கிற பேச்சுதான் அதிகம். குடும்பத்தோடு ஊர் சுற்ற ஒருமுறையாவது கிளம்பியிருந்தால் உங்களுக்கே இந்தப் பாடு தெரிந்திருக்கும். எண்பதுகளில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பஸ், வேன், கார் எது கேட்டாலும் ஏற்பாடு செய்வேன். எத்தனையோ பேரை அனுப்பிவைத்து மறந்தும் போனேன். மாரண்டஹள்ளி கிருஷ்ணப்பன் குடும்பத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

சமையலோடு ஒரு பஸ்

கிருஷ்ணப்பன் தக்காளி போடுகிற விவசாயி. அவர் மனைவி லட்சுமியம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதும் எத்தனை நாளைக்கோ என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கண் தெரியும்போதே கடலைப் பார்த்துவிட வேண்டும். திருச்செந்தூர் போக ஒரு கார் பேசத்தான் கிருஷ்ணப்பன் வந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சொந்தபந்தத்தை வுட்டுட்டா போவீங்க? பஸ்ஸா எடுங்க" என்றேன். பின்னால் அரிசி மூட்டை, அடுப்பு, சமையல்காரர்; எட்டு நாளைக்குப் பஸ்தான் வீடு என்று ஆசை காட்டினேன்.

ஐம்பது பேர் சேர்ந்தார்கள். தேதி குறிக்கிற சமயத்தில் சின்ன மருமகள் மாசமாக இருப்பது தெரிந்தது. மனைவி மாசமாக இருந்தால் புருஷன் கடலில் முங்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். சின்ன மகனை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனமில்லை. அந்தப் பிரசவம் ஆவதற்குள் மகள் மாசமானாள். இப்போது மருமகனுக்காகக் காத்திருந்தார்கள். அத்தனை ஆண்கள் ஏறுகிற பஸ்ஸில், ஒருவர் மனைவியாவது மாசமாக இல்லாத மாதமே வரவில்லை. கிருஷ்ணப்பன் கவலைப்படவில்லை. "கடலு எங்கீங்க போயிரப் போவுது தம்பி, அங்கியேதான் இருக்கும்."

பன்னிரண்டு சீட்டு வேன்

அடுத்த வருஷம் வேனுக்கு இறங்கினார்கள். சீட்டு பன்னிரண்டு, ஆள் பதினேழு. சம்பந்தியைக் கழித்தால் மகள் அழுவாள். தம்பியைக் கழித்தால் பொதுக் கிணற்றில் மோட்டார் போட விடமாட்டான். வாராவாரம் ஒரு புதுப் பட்டியல் வந்தது. வேனும் காரும் சொந்தமாக வைத்திருந்த கரீம் பாய் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "நீங்களும் அம்மாவும் மட்டும் என் கார்ல ஏறுங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போயி கடலைக் காட்டிர்றேன்."

அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. வேன் வாடகையில் வருகிற கமிஷன் கைநழுவிப் போய்விடுமே என்ற எண்ணம்தான், வேறென்ன. கிருஷ்ணப்பன் வெட்கப்பட்டுச் சிரித்தார். "பேரன் பேத்தி எடுத்த வயசுல ரெண்டு பேரா கார்ல போனா ஊரே சிரிக்குமுங்க பாய்!"

வெள்ளைக் கார்

அதற்கடுத்த கோடையில் லட்சுமியம்மாவே கிருஷ்ணப்பனோடு வந்துவிட்டார். கரீம் பாயின் வெள்ளைக் கார் வாசலில் பட்டப்பகல் வெயிலில் நின்றிருந்தது. கதவு, கண்ணாடி, சீட்டு என்று ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்தார். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் நன்றாகத் தெரியும் என்று கேட்டார். இடது ஜன்னல் என்றேன். "அப்ப அந்த எடத்தை எனக்குன்னு எழுதிக்கங்க தம்பி. ஆமா, இது கருப்புக் காருங்களா?"

கடைசியில் கிளம்பியது

மறுநாளே மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறி, அவர்கள் வீட்டு வாசலில் நின்று, இனி ஒருநாள்கூடத் தள்ளாதீர்கள் என்று சண்டையே போட்டேன். யாரை விடுவது என்கிற தகராறு ஓய அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஆயிற்று. கடைசியில் யாரையும் விடவில்லை. பதினேழு பேரும் வேனில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள். இதை முதல் வருஷமே செய்திருக்கலாம். இடது ஜன்னலோரம் லட்சுமியம்மா. அதற்குள் அவருக்கு வெளிச்சம்கூடத் தெரியாமல் போயிருந்தது.

நாலாம் நாள் வேன் திரும்பியது. திரும்பி வருகிற எல்லாரிடமும் கேட்கிற பழக்கதோஷத்தில், "கடல் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். திட்டவில்லை. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி நிதானமாகச் சொன்னார்: "வாயில அள்ளி ஊத்திப் பாத்தேன், உப்புக் கரிச்சுது தம்பி. எப்பிடி இருந்துச்சுன்னு இதுங்களக் கேட்டா, பதினாறு பேரும் பதினாறு மாதிரி சொல்லுதுங்க."

இப்போது யார் வந்து எந்த வண்டி நல்லது என்று கேட்டாலும், முதலில் கிளம்புகிற வண்டிதான் என்று சொல்கிறேன். கேட்டுக்கொண்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று போய்விடுகிறார்கள்.