கட்டிங்குக்கு ஒரு ஆள்

குவார்ட்டரில் பாதிக்குக் கட்டிங் என்று பெயர். டாஸ்மாக்கில் பாதியாக விற்க மாட்டார்கள். பாதி போதும் என்கிறவன் இன்னொரு பாதிக்காரனைத் தேடிப் பிடித்துப் பங்கு போட வேண்டும். சென்னை பார்களில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து மாமியார் கதை வரை பேசுகிறார்கள் என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். நல்ல ஏற்பாடு. கொரோனா வந்து அதையும் கெடுத்தது.

பட்டினப்பாக்கத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் செய்யும் ஜான்சன், படுக்கையில் கிடந்த மனைவி ஏஞ்சலுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். சனிக்கிழமை மட்டும், அதுவும் கட்டிங் மட்டும். ஏஞ்சல் போன பிறகும் அவர் அதை மீறியதில்லை. அந்தப் புண்ணியத்தில் பாதி ராபர்ட்டுக்குச் சேர வேண்டும். மந்தைவெளி பாரில் மீதிப் பாதியைக் குடித்துத் தீர்த்தவர் அவர்தான். மீன் ஏலம் விட்டே தொண்டை கட்டிப்போன மனிதர். ஊற்றும்போதே சண்டைக்கு வந்துவிடுவார்.

"டேய், உன் கிளாஸ்ல ஜாஸ்தி கீதுடா!"

"கண்ண தொடச்சிக்கினு பாரு. உன்துலதான் ஜாஸ்தி."

முதல் அலையிலேயே ராபர்ட் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூடக் காட்டவில்லை. பார்கள் எல்லாம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மறுபடி திறக்கலாம் என்று உத்தரவு வந்தபோது மந்தைவெளி பார் மட்டும் திறக்கவில்லை. ஜான்சன் வேறு பார் தேடிக் கிளம்பியது அப்படித்தான்.

முதலில் மேற்கு மாம்பலம். ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ஒரு பார். ரயில் போனால் டம்ளர் ஆடும். சுண்டலில் மாங்காய் தாராளமாகப் போட்டார்கள். ஜான்சனுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பாதி நாற்காலிகளை மூலையில் அடுக்கிவிட்டு, இடைவெளி விடச் சொல்லிச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். தன் பாதியைக் குடித்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டார்.

"அண்ணே, பாதி கீது. எடுத்துக்கிறீங்களா? காசெல்லாம் வாணாம்."

அவர் எழுந்து வந்தார். டம்ளரை நீட்டினார், வாங்கிக்கொண்டார். "தேங்க்ஸ் நைனா. சேர் ஃப்ரீதானே?" என்று எதிரே கிடந்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு தன் மேஜைக்கே போய்விட்டார்.

நந்தனத்தில் ஆபீஸ் விட்டு வருகிற கூட்டம். பெரிய டிவி, குளுகுளு ஏசி. அங்கேயும் பாதியை வாங்கிக்கொண்ட இளைஞன் தூரத்திலிருந்தே "சியர்ஸ் மாமா" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான். ஓசிச் சரக்கை வாங்க யாருக்கும் கொரோனா பயம் இல்லை. உட்கார்ந்து பேசத்தான் பயம். ஜான்சனுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ராபர்ட்டையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

பிறகு அடையாறு. தகரக் கூரை, திறந்த முற்றம். நெத்திலி வறுவலை முகர்ந்து பார்த்த ஜான்சன் அன்றைக்குப் பிடித்த மீன் என்று ஒப்புக்கொண்டார். அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை வாங்குவது லேசில்லை. பக்கத்து மேஜையில் வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் சோடாவோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், பாதி கீது."

"வேண்டாம் சார். நான் விட்டு ரொம்ப நாளாச்சு."

"அப்பால இங்க இன்னாத்துக்கு வர்றீங்க?"

பெரியவர் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். "ஆத்துல நான் ஒருத்தன்தான். இங்க வந்தா நாலு பேர் பேசிண்டிருப்பா, கேட்டுண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போ அவாளும் தள்ளித் தள்ளி உட்கார்ந்துட்டா." எதிர் நாற்காலியைப் பார்த்தார். "அங்க உட்காரட்டுமா?"

ஜான்சன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்று பேசினார்கள், அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் பேசினார்கள். உப்புத் தண்ணீர் ஏறிய எஞ்சின் ஏன் இருமுகிறது என்று இவர் சொன்னார். ஃபில்டர் போடத் தெரியாமல் தினமும் தண்ணிக் காப்பி குடிப்பதை அவர் சொன்னார். ராபர்ட் செத்ததை ஒரு சனிக்கிழமை ஜான்சன் இந்த மேஜையில்தான் வாய்விட்டுச் சொன்னார். ஊற்றும்போது போட்ட சண்டைகளையும் சொல்லி அழுதார். பெரியவர் சுண்டல் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "ஊத்தறதுல உங்க பேர்லயும் தப்பு இருக்கு சார்" என்றார். அழுகையோடு ஜான்சன் சண்டைக்குப் போனார். எத்தனை நாள் ஆயிற்று ஒருவரோடு சண்டை போட்டு! பார் மூடுகிற நேரத்தில்தான் பாட்டிலில் பாதி அப்படியே இருப்பதைக் கவனித்தார். யாருக்குக் கொடுப்பது என்று அன்றைக்கு அவர் தேடவே இல்லை.

"அடுத்த சனிக்கிழமை பார்ப்போமா?" என்றார் பெரியவர்.

"வேற எங்க போவப்போறேன்?" என்றார் ஜான்சன்.

இவர் பெயரை அவர் கேட்கவில்லை, அவர் பெயரை இவர் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் 'சார்' போதுமானதாக இருந்தது.

அந்த வாரமே இரண்டாம் அலை வந்து பார்களை மறுபடி மூடினார்கள். மழைக்காலத்தில்தான் திறந்தார்கள். ஜான்சன் முதல் சனிக்கிழமையே அடையாறுக்கு ஓடினார்.

"அந்த சோடா சாரா? வரலியே பெர்சு," என்றார் பார்க்காரர்.

வீடு எந்தத் தெரு என்று அவருக்கும் தெரியவில்லை. பெயர் இல்லாமல், நம்பர் இல்லாமல் அடையாறில் ஒரு வெள்ளைச் சட்டையை எங்கே போய்த் தேடுவது? ஒருவேளை மகனோ மகளோ வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அதற்கு மேல் நினைக்க ஜான்சனுக்குத் தைரியம் இல்லை. ராபர்ட் போனபோது சேதி சொல்லக் குப்பமே இருந்தது. இந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால், ஜான்சனிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது இடைவெளி எல்லாம் பழங்கதை. அடையாறு பாரிலும் மூலையில் அடுக்கியிருந்த நாற்காலிகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. அப்படியும் சனிக்கிழமை என்றால் உட்கார இடம் கிடைக்காது. போன சனிக்கிழமையும் ஜான்சன் தன் பாதியை ஊற்றி வைத்துக்கொண்டு, ஒரு சோடா வாங்கி எதிரே வைத்திருந்தார். சிரித்துக்கொண்டே ஒரு கூட்டம் உள்ளே வந்தது. அதில் ஒருவன் எதிர் நாற்காலியின் முதுகில் கை வைத்தான்.

"பெர்சு, சேர் ஃப்ரீயா?"

ஜான்சன் மேஜைக்கு அடியில் காலை நீட்டி நாற்காலியை அழுத்திக்கொண்டார்.

"இல்ல நைனா, ஆள் வருது."