ஒடீல் அழித்த சொந்தக்காரர்கள்

ஒடீல் வாபூஸுக்குக் கரடிமேல் பயமில்லை. குப்பைமேட்டில் நின்ற கரடியைத் துடைப்பத்தோடு விரட்டிக்கொண்டு போனவள். அவள் பயமெல்லாம் ஒரே ஆள்மேல்தான். அந்த ஆளை அவள் பார்த்ததுகூட இல்லை.

பக்கத்து ஏரிக்கரைப் பழங்குடி ஊரின் கணக்கு சரியில்லை என்று அரசாங்கம் நகரத்திலிருந்து ஒரு மேலாளரைக் கொண்டுவந்து அவர்கள் தலையில் உட்கார வைத்தது. அன்றிலிருந்து பள்ளி வண்டிக்கு டயர் மாற்றவும் அவனிடம் போனில் கெஞ்ச வேண்டும். அவன் ஒடீலின் ஊரான ஓகா ஏரிக்கும் வந்துவிட்டால்? இங்கே ஊர்க்கணக்கு எழுதுகிறவள் ஒடீல். வந்தால் அவளால்தான் வந்தான் என்றாகிவிடும்.

இந்த வருடம் புது விதிமுறை வேறு. ஊர்ச்சபைக்காரர்களும் கணக்கு எழுதுகிறவரும் தங்கள் நெருங்கிய சொந்தத்துக்கு ஊர்ப் பணத்தில் எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அறிக்கையில் தனியாகக் காட்ட வேண்டும். உலகமே படிக்கும்படி அது இணையத்திலும் ஏறும்.

ஒடீல் நேர்மையாக உட்கார்ந்து எழுதினாள். அவள் கொக்குக் குலம். கொக்குக் குலத்து ஆண்கள் எல்லாரும் அண்ணன் தம்பி. விறகு போட்ட எனோஸ், படகு எஞ்சினைப் பழுதுபார்த்த ஓரின், சாவு விருந்துக்கு மீன் வறுத்த பிலோமீன் அத்தை என்று எழுதிக்கொண்டே போனாள். திரும்பப் படித்துப் பார்த்தாள். ஊர்ப் பணம் மொத்தமும் அவள் சொந்தத்தின் வாயில் விழுந்தது போலிருந்தது.

ஊர்த்தலைவன் ஆல்பன் எட்டிப் பார்த்தான். அத்தை மகன். கேலி செய்வது அவன் பிறப்புரிமை.

"என் பேரு எங்க மச்சினி? கட்டிக்கலைன்னா கழட்டி விட்டுருவியா?"

"சும்மா போ மச்சான். எழுத விடு என்னைய."

"நகரத்துக்காரன் வந்தா உன் நாற்காலியிலதான் உக்காருவான். முள்ளு வச்சுட்டுப் போ."

சிரித்தான். ஆனால் ஊற்றிய காபியைக் குடிக்காமலே போய்விட்டான்.

புது விதிமுறைப்படி கணக்கு எழுத உதவச் சின்ன விமானத்தில் மார்னி என்ற பெண் வந்தாள். அவளும் வேறொரு ஏரிக்கரைக்காரிதான்.

"ஒடீல் அக்கா, இந்த எனோஸ் உங்க கூடப் பொறந்தவரா?"

"இல்ல. ஆனா அண்ணன்."

"எங்க ஊர்ல நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன்! அவங்க கேக்குறது வீட்டாளுங்களத்தான். புருஷன், பிள்ளைங்க, அவங்க செய்யிற தொழில். மத்தவங்கள எடுத்துருங்க."

ஒவ்வொருவராக அழித்தாள். ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. டியன் வாபூஸ், சாலையில் பனி தள்ளும் வேலை. அவள் மகன். கூட்டத்துக்குள் நின்றவரை யாரோ ஒருவனாக இருந்தவன், இப்போது வெட்டவெளியில் தன்னந்தனியாக நின்றான்.

"இதையும் எடுத்துடலாமா?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எடுத்தா அதுதான் தப்பு. பேரு இருக்கிறது குத்தமில்லக்கா. வேலைய எப்படிக் குடுத்தீங்கன்னு எழுதுங்க."

எப்படிக் கொடுத்தாள்? அதுதானே சிக்கல். எழுதினாள்.

அறிக்கையைப் பள்ளி மண்டபத்தில் ஊரார் முன் அவளே படித்தாள். 

"அவ்வளவுதானா?" பிலோமீன் அத்தை எழுந்துவிட்டாள். "உங்கப்பன் கூடப் பொறந்தவடி நான். என்னைய எப்போ தள்ளி வச்ச?"

"நேத்து வரைக்கும் அண்ணன், இன்னிக்கு வெறும் விறகுக்காரனா?" என்றான் எனோஸ்.

மண்டபம் சிரித்தது. ஒடீல் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஓரின் எழுந்திருப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"பனி தள்ள என்கிட்டயும் வண்டி இருக்கேக்கா. என்னைய யாரும் கேக்கலையே?"

சிரிப்பு நின்றது. ஒடீல் தாளைக் கீழே வைத்தாள்.

"கேக்கல. நான்தான் யாரையும் கேக்கல. செக்கும் நான்தான் எழுதினேன். அதையும் இதுல போட்டிருக்கேன்."

ஓரின் அவளையே பார்த்தான். அந்த நேரம் கரடியே வந்திருந்தால் தேவலை.

"அப்ப அடுத்த பனிக்கு ஆள் வேணும்னு பலகையில ஒட்டு. யார் வேணா மூடின கவர்ல விலை எழுதிக் குடுக்கட்டும்."

"ஒட்டுறேன் தம்பி."

அரசாங்கத்தில் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். மேலாளர் வரவில்லை. இந்த வருடத்துக்கு.

அறிவிப்பு பலகையில் ஏறிய அன்று டியன் அலுவலகத்துக்குள் வந்து மேசைமேல் சாய்ந்தான். "ஓரின் மாமா எவ்வளவு கேப்பாரும்மா? நான் எவ்வளவு போடட்டும்?"

"வாயத் தொறக்காத!" ஒடீல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லாத! வெளிய போடா ராசா, வெளிய போ!"